சிறுநீரக நோயும் பிரஷரும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவுக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய பிரஷர் நோட்டை எழுதிவருவது நான்தான். அந்த நோட்டோடு போய் மருத்துவரிடம் கேட்டவை, உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டவை, பதில் தேடிப் படித்தவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். நான் மருத்துவர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ உங்களைப் பார்க்கும் மருத்துவரின் வேலை. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவலாம்.

பிரஷரால் கிட்னி கெட்டதா, கிட்னி கெட்டதால் பிரஷர் வந்ததா?

பெரும்பாலும் இரண்டும்தான். எது முதலில் வந்தது என்று பல சமயம் யாராலும் சொல்ல முடிவதில்லை.

இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் இந்த மெல்லிய வடிகட்டிகள் மெல்ல மெல்லத் தழும்பேறிப் போகின்றன. வேலை செய்யும் வடிகட்டிகள் குறையக் குறைய, உப்பையும் நீரையும் முழுதாக வெளியேற்ற முடியாமல் உடம்பில் தங்கவைக்கிறது சிறுநீரகம். கூடவே ரெனின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கிறது. அது ஆஞ்சியோடென்சின் உருவாக வழிசெய்து இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. பிரஷர் இன்னும் ஏறுகிறது. ஏறிய பிரஷர் மிச்சமிருக்கும் வடிகட்டிகளை அடிக்கிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. சிறுநீரகம் சுருங்கி இறந்தவர்களின் இதயம் பெருத்திருப்பதை லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1836-லேயே எழுதிவைத்தார். கைப்பட்டையால் பிரஷர் அளக்கும் கருவி வருவதற்கு அறுபது வருடம் முன்பு! 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெரித்து, அதனால் மட்டுமே பிரஷர் ஏறுவதைக் காட்டினார்.

எது முதலில் என்ற கேள்வி முக்கியமாகும் இடங்களும் உண்டு. சிறு வயதிலேயே மிக அதிக பிரஷர், நன்றாக இருந்த பிரஷர் திடீரென்று கட்டுமீறுவது, எத்தனை மாத்திரை கொடுத்தும் அசையாமல் நிற்பது, திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. இப்படியிருந்தால் சிறுநீரகத் தமனியில் சுருக்கம், ஹார்மோன் கோளாறு போன்ற காரணங்களைத் தேடிப் பார்ப்பார்கள். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் குறட்டை நோயும் அந்தப் பட்டியலில் சேரும்.

எனக்குத் தலைசுற்றல், தலைவலி ஒன்றுமே இல்லையே?

பலருக்கு 170, 180 இருந்தும் ஒன்றும் தெரியாது. அதனால் உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கருவியால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, பிரஷர் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒருவர் 140 என்கிறார், ஒருவர் 130, இன்னொருவர் 120.

மூவரும் ஏதோ ஒரு வழிகாட்டுதலைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். சிறுநீரக நோய்க்கான உலகளாவிய அமைப்பான கேடிகோ 2012-இல், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகாதவர்களுக்கு 140/90, போகிறவர்களுக்கு 130/80 என்று வைத்திருந்தது. 2017-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் பொதுவாக 130/80-க்குக் கீழே என்றது. 2021-இல் கேடிகோ ஒரு படி இறங்கி, உடம்பு தாங்கினால் மேல் எண் 120-க்குக் கீழே என்று மாற்றிக்கொண்டது.

இந்த 120-க்குப் பின்னால் இருப்பது 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற பெரிய ஆய்வு. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். கால் பங்குக்கு மேல் சிறுநீரக நோய் உள்ளவர்கள். 120-க்குக் கீழே வைத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவையும் இறப்பும் குறைந்தன. ஆனால் சிறுநீரகம் கெடும் வேகம் அதனால் குறையவில்லை. அதாவது லாபம் இதயத்துக்கு. அது சின்ன விஷயமில்லை. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட இதய நோயால் இறப்பவர்கள் அதிகம்.

இதில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் இல்லை. சிறுநீரில் மிக அதிகமாகப் புரதம் போகிறவர்களும், சிறுநீரகச் செயல்பாடு (பரிசோதனைத் தாளில் eGFR என்று வரும் எண்) 20-க்குக் கீழே போனவர்களும் இல்லை. அப்புறம், அங்கே பிரஷர் அளந்த விதம் வேறு: ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். நடந்து வந்த மூச்சு அடங்குவதற்குள் ஒரே முறை அளக்கும் 130-ம், அந்த முறைப்படி அளக்கும் 130-ம் ஒன்றல்ல. அவசரமாக அளந்த எண்ணை 120-க்கு இறக்க மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால், வீட்டில் எழுந்து நிற்கும்போது 100 இருக்கும். நோயாளி மயங்கி விழலாம்.

ஆக, உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று ஓர் எண் சொல்வார். வயது அதிகம், எழுந்தால் தலைசுற்றுகிறது, ஏற்கெனவே விழுந்திருக்கிறார் என்றால் அந்த எண் கொஞ்சம் மேலே இருக்கும். படுக்கையிலிருந்து எழுந்து நின்ற பிறகும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் எப்படி அளப்பது?

முதல் மாதம் நான் செய்த தப்புகள் எல்லாவற்றையும் சொல்கிறேன். அப்பா மாடியேறி வந்து உட்கார்ந்ததும் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினேன். அவர் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் சொல்லிக்கொண்டிருந்தார். கை மடியில் கிடந்தது. 162. பயந்துபோய் உடனே இன்னொரு தடவை, 158. அன்று சாயங்காலம் அவர் சிறுநீர் கழித்துவிட்டு வந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, வெறும் கையை மேசைமேல் இதய உயரத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். 138. மாத்திரை அதே மாத்திரைதான்.

முறை இதுதான். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. பாதம் இரண்டும் தரையில்; கால்மேல் கால் போடக் கூடாது. பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவில் படுக்கும் முன்பும் அளந்து வைத்தால் போதும். தினமும் பத்துத் தடவை அளக்கத் தேவையில்லை. அதனாலேயே பதற்றம் வந்து ஏறும்.

மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகமானது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) போட்ட கையில் மட்டும் ஒருபோதும் பட்டை கட்டாதீர்கள்.

மருத்துவமனையில் 150, வீட்டில் 128. எதை நம்புவது?

மருத்துவமனையில் மட்டும் ஏறுவது பலருக்கு உண்டு. சிறுநீரக நோயில் இதற்கு நேரெதிரானதும் அடிக்கடி நடக்கிறது: மருத்துவர் முன்னால் 128, வீட்டில் 145. இதுதான் அதிகம் ஏமாற்றுவது, ஏனென்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இன்னொன்று இரவு. நலமாக இருப்பவர்களுக்குத் தூங்கும்போது பிரஷர் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கும். சிறுநீரகம் பாதித்தவர்களில் பலருக்கு அந்த இறக்கம் இருப்பதில்லை. சிலருக்கு ஏறவும் செய்யும். இதைப் பிடிக்க 24 மணி நேரம் கையில் கட்டிவிடும் கருவி இருக்கிறது. எண்கள் முன்னுக்குப் பின் முரணாக வந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

எந்த மாத்திரையில் தொடங்குவார்கள்?

அதை முடிவுசெய்யப் பெரிதும் உதவுவது சிறுநீர்ப் பரிசோதனை. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு; ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று அதில் வரும். 30-க்குக் கீழே இயல்பு, 300-க்கு மேலே மிக அதிகம். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே விடுவது சகஜமாக நடக்கிறது. நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.

அல்புமின் போகிறது என்றால் முதல் தேர்வு ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற 'ப்ரில்' வகை, அல்லது லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' வகை. வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் சின்னக் குழாயை இவை தளர்த்துகின்றன. வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்குகிறது, புரதம் கசிவது குறைகிறது. வெறுமனே பிரஷரைக் குறைப்பதைத் தாண்டிய பாதுகாப்பு இது. 'ப்ரில்' குடும்பத்தின் மூத்த பிள்ளையான கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்தது.

'ப்ரில்' சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். மருத்துவரிடம் சொன்னால் 'சார்டனுக்கு' மாற்றுவார். உதடு, நாக்கு வீங்கினால் அது இருமல் மாதிரி இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. சேர்த்தால் பலன் கூடுவதில்லை, பொட்டாசியமும் திடீர் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடுகின்றன என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. இரண்டு வெவ்வேறு மருத்துவர்கள் ஆளுக்கொன்று எழுதிக்கொடுத்து, நோயாளி இரண்டையும் விழுங்குவது நடக்கிற கதைதான். அதனால் சீட்டைப் பாருங்கள்.

மாத்திரை ஆரம்பித்த மூன்று வாரத்தில் கிரியேட்டினின் ஏறிவிட்டது. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறதா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பயந்து தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

மேலே சொன்னபடி, மாத்திரை வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் வடிகட்டும் அளவும் கொஞ்சம் குறையத்தான் செய்யும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அளவுக்கு மீறி ஓட்டிய வண்டியை நிதானப்படுத்துவது மாதிரி. மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம்கூட அது.

எவ்வளவு ஏறலாம்? நான்கு வாரத்துக்குள் முப்பது சதவீதம் வரை ஏற்றுக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.6 இருந்தவருக்கு 1.9 ஆனால் ஏற்றம் பத்தொன்பது சதவீதம். மாத்திரை தொடரும், திரும்பப் பரிசோதிப்பார்கள். 2.3 ஆனால் நாற்பது சதவீதத்துக்கு மேல். அப்போது காரணம் தேட வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை சாப்பிட்டாரா, நீர் மாத்திரை (உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது) அதிகமா, சிறுநீரகத் தமனியில் சுருக்கமா என்று. ஆரம்பித்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நோய் முற்றிய நிலையில் நிறுத்திவிட்டால் சிறுநீரகம் தேறுமோ என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்தது. அதைச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. செயல்பாடு 30-க்குக் கீழே போனவர்களில் ஒரு பாதிப் பேருக்கு நிறுத்தினார்கள், மறு பாதிப் பேருக்குத் தொடர்ந்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், நிறுத்தியவர்களின் சிறுநீரகம் மற்றவர்களைவிட நன்றாக இல்லை.

பொட்டாசியம் 5.7 என்று வந்திருக்கிறது. பழம், காய் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

முதலில் அந்த எண் உண்மைதானா என்று பார்ப்பார்கள். இரத்தம் எடுக்கும்போது கையை இறுகக் கட்டி முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறும். அதனால் உடனே மறுபரிசோதனை. உண்மையாகவே ஏறியிருந்தால் அலட்சியம் கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். உணவில் எதைக் குறைப்பது என்பதை உணவியல் நிபுணர் சொல்வார். அதோடு நீர் மாத்திரை, இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருந்தால் சோடியம் பைகார்பனேட், குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து என்று வழிகள் இருக்கின்றன. பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய 'ப்ரில்', 'சார்டன்' மாத்திரையை நிறுத்துவது அவையெல்லாம் பலிக்காதபோதுதான்.

உப்பு எவ்வளவு?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமையலில் போடுவது, பாக்கெட்டில் ஏற்கெனவே இருப்பது, சாப்பிடும்போது தூவுவது எல்லாம் சேர்த்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனிதர்கள் சராசரியாகச் சாப்பிடுவது இதைப்போல இரண்டு மடங்கு. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு வந்துவிடும்.

சிறுநீரக நோயில் பிரஷரின் பெரும்பகுதி தேங்கிய உப்பாலும் நீராலும்தான். உப்பைக் குறைத்தால் பிரஷர் இறங்குவதோடு 'ப்ரில்', 'சார்டன்' மாத்திரைகளின் பலனும் கூடுகிறது; சிறுநீர்ப் புரதம் இன்னும் குறைகிறது. முதல் இரண்டு வாரம் எதுவும் வாயில் வைக்க முடியாது. அப்புறம் நாக்கு பழகிவிடும். அப்பாவுக்கு ஒரு மாதத்தில் வெளிச் சாப்பாடு கரிக்க ஆரம்பித்தது.

கல் உப்பு, பாறை உப்பு, கடல் உப்பு எல்லாமே சோடியம்தான். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் மாற்று உப்பில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்களுக்கு நல்லது, நமக்கு ஆபத்து. தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரைகளிலும் சோடியம் நிறைய உண்டு. அங்கே யாரும் தேடுவதில்லை.

இப்போதே மூன்று மாத்திரை. நாலாவதும் தேவையா?

சிறுநீரக நோயில் ஒரே மாத்திரையோடு முடிகிறவர்கள் குறைவு. அது உங்கள் தோல்வி இல்லை. பொதுவாக 'சார்டன்' அல்லது 'ப்ரில்', அதோடு இரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் போன்ற ஒன்று, அதோடு நீர் மாத்திரை என்று சேரும்.

அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கலாம். அது உடம்பில் நீர் தேங்கிய வீக்கமல்ல, எனவே அதற்கு நீர் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும். எங்கள் வீட்டில் இது தெரியாமல் இரண்டு மாதம் போனது.

சிறுநீரகம் மிகவும் பலவீனமானால் குளோர்தாலிடோன் போன்ற தயாசைடு வகை நீர் மாத்திரை வேலை செய்யாது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. செயல்பாடு 30-க்குக் கீழே இறங்கிய நான்காம் கட்டத்தில் இருந்த 160 பேரில், குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் மேல் எண் பத்துக்கு மேல் இறங்கியது. கிரியேட்டினின் ஏற்றம், தலைசுற்றல் போன்றவையும் கூடுதலாக வந்தன. அதனால் குறைந்த அளவில் தொடங்கி, பரிசோதித்துக்கொண்டே கூட்ட வேண்டியது.

காலையிலா, இரவிலா?

மறக்காமல் சாப்பிடக்கூடிய நேரத்தில். பிரிட்டனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷர்காரர்களிடம் நடந்த ஆய்வில் (2022) இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீர் மாத்திரையை மட்டும் இரவில் போடாதீர்கள், தூக்கம் போய்விடும்.

எனக்குச் சர்க்கரையே இல்லை. ஏன் சர்க்கரை மாத்திரை எழுதியிருக்கிறார்?

டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருக்கும். சர்க்கரைக்காக வந்தவைதான், ஆனால் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது. 2020-இல் வந்த டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. பிரஷரைக் கொஞ்சம்தான் குறைக்கும். இதிலும் ஆரம்பத்தில் கிரியேட்டினின் சிறிது ஏறும், பயப்பட வேண்டாம்.

வாந்தி, பேதி வந்தால் மாத்திரை சாப்பிடலாமா?

இதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிய உடம்பில் 'சார்டன்', 'ப்ரில்', நீர் மாத்திரை, மேலே சொன்ன 'ஃப்ளோசின்' எல்லாம் சேர்ந்தால் சிறுநீரகம் ஒரே நாளில் சரியலாம். இப்படிப்பட்ட நாட்களில் எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று அவர் சொல்வார். பலரும் கோட்டைவிடுவது இரண்டாவதில்தான். பேதி நின்று மாதங்கள் ஆகியும் மாத்திரை பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

மூட்டுவலிக்கு மாத்திரை போடலாமா?

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம். உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். 'சார்டன்', நீர் மாத்திரை இரண்டோடும் மூன்றாவதாக இது சேருவது மோசமான கூட்டணி. பாராசிட்டமால் பெரும்பாலும் பரவாயில்லை. மூலிகை என்று வருவதையும் கேட்டுவிட்டே எடுங்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும்.

டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. இப்போதும் இதே கணக்கா?

இல்லை. டயாலிசிஸுக்கு முன்பு ஓர் எண், முடிந்ததும் இன்னோர் எண் வரும். இரண்டையும்விட வீட்டில், டயாலிசிஸ் இல்லாத நாளில் அளப்பதுதான் உண்மைக்கு அருகில். இங்கே முதல் மருந்து மாத்திரை இல்லை, தேங்கிய நீரை எடுப்பது. தேங்கிய நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, உலர் எடை என்று குறித்திருப்பார்கள். அதற்கு மேல் கிலோ ஏற ஏறப் பிரஷரும் ஏறும். தண்ணீரை மட்டும் அடக்கிப் பயனில்லை, உப்பு உள்ளே போனால் தாகம் விடாது.

குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது.

கருத்தரிக்க முயலும் முன்பே சொல்லிவிடுங்கள். 'ப்ரில்', 'சார்டன்' இரண்டும் கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு. மாற்ற வேறு மாத்திரைகள் உண்டு.

எப்போது அவசரம்?

180/120-க்கு மேல் இருந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு. எண் மட்டும் அப்படி இருந்து வேறொன்றும் இல்லையென்றால், அமைதியாக உட்கார்ந்து திரும்ப அளந்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாக்குக்கு அடியில் எதையாவது வைத்துச் சட்டென்று இறக்கப் பார்க்க வேண்டாம். திடீர் இறக்கம் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போகாமல் செய்துவிடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப்போவது?

பிரஷர் நோட்டு, பழைய பரிசோதனைத் தாள்கள் தேதி வரிசையில், வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக் கருவியும். அங்கே அவர்கள் கருவியோடு வைத்துப் பார்க்கலாம். அப்புறம் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில், எப்போதோ வாங்கிய வலி மாத்திரை உட்பட. எங்கள் பையைக் கொட்டியபோது அதற்குள் ஒரே மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது. ஐந்து மாதமாக அப்பா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.